எழுபத்தெட்டு

கேட்காமலே டீ வரவழைத்திருக்கிறார். அதுவும் இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை இல்லாமல், நான் குடிக்கிற மாதிரியே. அப்படியென்றால் கேட்கப் போவது சின்ன விஷயமில்லை.

இதை நினைத்துக்கொண்டே தாரணி சிரித்த முகத்தோடு உட்கார்ந்தாள்.

"குடி அம்மிணி, ஆறிப் போகுது" என்றார் சிவமலை.

"குடிக்கிறேங்ண்ணா. என்ன விஷயம்னு சொல்லுங்க."

"விஷயமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு கையெழுத்து."

ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவர் யாரையும் தன் அறைக்குக் கூப்பிடுவதில்லை. அவளுடைய மேசைக்கே வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்று பேசிவிட்டுப் போவார். கோயம்புத்தூரில், அவிநாசி சாலையை ஒட்டிய இந்த இரண்டாவது மாடியில், இருபத்திரண்டு வருடங்களாக அப்படித்தான். இன்று கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு குளிர்சாதனத்தைப் போட்டார், கதவைச் சாத்தியதற்கு அதுதான் காரணம் என்பது போல.

மேசையில் ஒரே ஒரு தாள். அதில் ஒரே ஒரு வாக்கியம். 'பயிற்சிப் பதிப்பில் திரையில் காட்டப்படும் வாய்ப்பு சதவீதமும் உண்மையில் நிகழும் சதவீதமும் ஒன்றே எனச் சான்றளிக்கிறேன்.' கீழே 'விதிகளை எழுதியவர்' என்று போட்டு, அவளுடைய முழுப் பெயரையும் அச்சிட்டிருந்தார்கள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"யாருக்குங்ண்ணா இது?"

"விசாரணைக் குழுவுக்கு. ஐப்பசி வெள்ளத்துல வெள்ளாத்துல ஒரு ஆளு போனான்ல, அந்த விவகாரம்."

கடற்கரை வருடத்துக்கு இரண்டு முறை மூழ்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு தாலுக்காவிலும் ஆறு பேர் கொண்ட ஒரு மீட்புக் குழு இருந்தது. குழுவை நடத்த ஒருவர், கயிறு கட்டி இறங்க ஒருவர், படகுக்கு ஒருவர், முதலுதவிக்கு, மின்கம்பிகளைப் பார்க்க, சுற்றிலும் கண் வைத்திருக்க ஒவ்வொருவர். ஆறு பேர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. நீரின் வேகம், காற்று, சுவரின் விரிசல், கயிற்றின் நீளம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஒரு காரியத்தில் இறங்கும் முன் அது ஒரு எண்ணைச் சொல்லும். அந்தக் கூரைக்குப் போய்த் திரும்ப அறுபத்து நான்கு. இந்தக் கதவை உடைக்கத் தொண்ணூற்று ஒன்று. பட்டையைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. எத்தனையோ பேர் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், அது சொல்லும் எண் சரியானது.

ஆனால் எண்ணைப் பார்த்ததும் என்ன செய்வது என்று மனிதர்களுக்குப் பழக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் தாரணியும் சிவமலையும் செய்த விளையாட்டிலிருந்து வந்தது. ஆறு பேர் ஒரு பாழடைந்த கோட்டையின் நிலவறைக்குள் இறங்கும் பழைய பாணி விளையாட்டு. வாள்காரன், கேடயக்காரி, வில்லாளி, வைத்தியர், மந்திரக்காரி, பூட்டுத் திறப்பவன். யாரை முன்னால் நிறுத்துவது, யாருடைய பலத்தை எப்போது செலவழிப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டும். ஆயுதத்தை ஓங்கும் முன் திரையில் ஒரு எண் வரும். பிறகு பகடை உருளும். மீட்புப் பயிற்சி நடத்துகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு வேண்டியது இதுதான் என்றார்கள். பூதங்களை எடுத்துவிட்டு வெள்ளத்தை வைத்தார்கள். நிலவறை, மூழ்கிய அடுக்குமாடியாக மாறியது. அடியில் இருந்த விதிகள் தாரணி எழுதியவையாகவே இருந்தன.

"அந்தக் குழுத் தலைவி என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சொல்லுவா. பட்டையில எழுபத்தெட்டு காட்டுச்சு, அனுப்புனேன், பயிற்சியில எழுபத்தெட்டுக்கு ஆளு போனதே இல்லைங்கறா. தப்புப் பண்ணினா எல்லாரும் சொல்லித்தந்தவங்களத்தான் குறை சொல்லுவாங்க. பயிற்சியோட கடின நிலையில தேறினவ அவ, தாரணி. அதுக்கு மேல நாம என்ன பண்றது?"

"ரெண்டு நாள் குடுங்கண்ணா. பாத்துட்டுப் போடறேன்."

"ஒரே ஒரு வரி. அதப் படிக்க ரெண்டு நாளா?" அவர் சிரித்தார். சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது. "என்னத்தப் பாக்கப் போற?"

அந்தக் கேள்விதான் அவளைத் தன் மேசைக்குத் திரும்பி, மூன்று வருடமாகத் தொடாத பயிற்சிப் பதிப்பைத் திறக்க வைத்தது.

*

முதல் பதிப்பு வெளிவந்த காலத்தில் வந்த கடிதங்கள் அவளுக்கு இன்னும் நினைவிருந்தன. உங்கள் பகடை பொய் சொல்கிறது. எண்பது என்று காட்டிவிட்டு அடுத்தடுத்து இரண்டு முறை தவறுகிறது. என் வைத்தியரைக் கொல்வதற்கென்றே எழுதினீர்களா? ஒருவர் அவளுடைய குடும்பத்தையே இழுத்து எழுதியிருந்தார்.

தாரணி அப்போது ஒரு லட்சம் தடவை பகடையை உருட்டிச் சோதித்தாள். எண்பது என்றால் துல்லியமாக எண்பது. பகடை நேர்மையாக இருந்தது. அதற்காகத்தான் அவர்கள் அதைப் பொய்யென்றார்கள். மனிதர்கள் எண்பதை 'கிட்டத்தட்ட நிச்சயம்' என்று வாசிக்கிறார்கள், மீதி இருபது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்று அவளுக்குப் புரிந்தபோது வயது இருபத்தாறு. வைதவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற அவசரம் இருந்தது. நேசிக்கப்பட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதை இப்போதுதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. அதனால் விதிகளில் ஒன்றைச் சேர்த்தாள்: அறுபதுக்கு மேல் எந்த எண் வந்தாலும் பகடை ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை உருளும், இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்ளும். திரையில் ஒரு முறை உருள்வதுதான் தெரியும். ஆறே வரி.

அதன் பிறகு கடிதங்கள் மாறிவிட்டன. இவ்வளவு நேர்மையான பகடையை எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை என்று எழுதினார்கள்.

எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலைகள் இருந்தாலும், நிலை மாறினால் எதிரியின் பலமும் எண்ணிக்கையும்தான் மாறும். அந்த ஆறு வரிகள் எல்லா நிலைகளுக்கும் அடியில், அஸ்திவாரத்தில் கிடந்தன. கடின நிலையில் வென்றவர்கள்கூட அந்தக் கருணையின் மேல் நின்றுதான் வென்றார்கள். யாருக்கும் தெரியாது. விளையாட்டுதானே.

மீட்புப் பயிற்சிக்கு விதிகளைக் கொடுத்தபோது ஆறு வரிகளையும் எடுத்துவிட்டாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எடுத்த நாளில் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக உணர்ந்ததுகூட நினைவிருந்தது.

இப்போது பயிற்சிப் பதிப்பில் எழுபத்தெட்டை வைத்துப் பத்தாயிரம் முறை உருட்டிப் பார்த்தாள். ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுப் பதினேழு முறை வெற்றி.

எழுபத்தெட்டு அல்ல. தொண்ணூற்றைந்து.

இது சிவமலையின் வேலை. வேறு யார்? பயிற்சி நிறுவனத்தோடு பேசுவது அவர். அவர்களைத் திருப்திப்படுத்த வேண்டியது அவர். அவளுடைய கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியும், நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அதை மாற்றவில்லை. அதனால்தான் டீ. அதனால்தான் சாத்திய கதவு.

யார், எந்த நாளில், எந்த வரியைத் தொட்டார்கள் என்று காட்டும் மாற்றப் பதிவைத் திறந்தாள். ஆறு வரிகள் நீக்கம்: தாரணி. பத்தொன்பது நாட்கள் கழித்து, ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, ஆறு வரிகள் மீண்டும் சேர்ப்பு: தாரணி.

என் பெயரில் செய்திருக்கிறார், என்று நினைத்தாள். அந்த வியாழக்கிழமை தான் வேறெங்கோ இருந்ததைக் காட்ட வேண்டும் என்று அந்த நாளின் மின்னஞ்சல்களைத் தேடி எடுத்தாள். பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒன்று வந்திருந்தது. முதல் அணியில் பாதிப் பேர் வராமல் நின்றுவிட்டார்கள், இதைப் பாருங்கள், என்று ஒரு காணொளி. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஆறு பேரையும் ஒரே சுற்றில் இழந்துவிட்டு, பயிற்சி அறைத் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்.

அதன் கீழே பதில் இருந்தது. 'சரி பண்ணியாச்சு. இனிமே யாரும் அழ மாட்டாங்க.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அந்தச் சிரிக்கும் முகத்தைப் போடுகிற வழக்கம் சிவமலைக்குக் கிடையாது. அந்த வாக்கியம் அவளுடையது. கொஞ்சம் செல்லமான, தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் அந்தத் தொனியை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள்.

எடுத்தது நினைவிருந்தது. திரும்பப் போட்டது நினைவில் இல்லை. மனம் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவு செய்யும்போது அதுவும் இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்கிறதோ என்னவோ. மூன்று வருடமாக அவள் தன்னைப் பற்றி வைத்திருந்த நல்ல அபிப்பிராயத்தை முதன்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினாள்.

*

சஃபூரா பரங்கிப்பேட்டையில் அக்கா வீட்டில், அவள் பேச்சில் லாத்தா வீட்டில், இருந்தாள். முப்பத்து நான்கு வயது, நல்ல உயரம். மீட்புக் குழுவில் தலைவியாக இருந்து, நான்கு மாதமாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவள். கதவைப் பாதி திறந்து, மீதியைத் தோளால் மறித்து நின்றாள்.

"பத்திரிகையா?"

"இல்லீங்க. பயிற்சி விளையாட்டை எழுதினது நான்தான். தாரணின்னு பேரு."

"ஓ. வக்கீல் யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன். நேரா மொதலாளியையே அனுப்பிட்டாங்களா?" அவள் தாரணியின் கைப்பையைப் பார்த்தாள். "ரெக்கார்டு பண்றீங்களா?"

"இல்ல."

"பண்ணிக்கோங்க. நான் சொல்றது எல்லாம் ஏற்கெனவே ரெக்கார்டுலதான் இருக்கு. 'எழுபத்தெட்டு இருக்குடா, போ'ன்னு நான் சொன்னத விசாரணையில ஒன்பது தடவ போட்டுக் காமிச்சாங்க. எங்க லாத்தா மகளுக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

உள்ளே அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. தாரணி தானாகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பலகைத் திரையை எடுத்தாள். நேற்று மாலை தயார் செய்தது. எழுபத்தெட்டு என்ற எண், அதன் கீழே ஒரு பொத்தான். வேறெதுவும் இல்லை.

"இதை இருபது தடவை அமுக்குங்க. பச்சை வந்தா போய்த் திரும்பிட்டாங்க. செவப்பு வந்தா இல்ல."

"எதுக்கு? என்னை எதுல மாட்டி விடப் போறீங்க?"

"என்னை மாட்டி விடறதுக்குத்தான்."

சஃபூரா அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, நின்றபடியே அமுக்கினாள். பச்சை. பச்சை. பச்சை. பச்சை. சிவப்பு. உதட்டைச் சுழித்தாள். பச்சை. மறுபடி சிவப்பு. உடனே இன்னொரு சிவப்பு.

"ஒடஞ்சு போச்சு உங்க மிஷினு."

"இன்னும் பன்னண்டு இருக்கு."

இருபது முடிவதற்குள் மொத்தம் ஐந்து சிவப்பு. சஃபூரா திரையைப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். "இது கள்ள ஆட்டம் மேடம். எழுபத்தெட்டு இப்படியா போவும்? நான் மூணு வருஷம் இதுலயே கெடந்தவ. எனக்குத் தெரியாதா?"

தாரணி திரையை எடுத்து, இன்னொரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். அதே எண், அதே பொத்தான். இந்த முறை இருபதில் பத்தொன்பது பச்சை.

"ஆங், இது கரெக்டா இருக்கு. இதான் எழுபத்தெட்டு."

"இதுதாங்க பொய்" என்றாள் தாரணி. "முதல்ல அமுக்கினதுதான் நெசம். உங்க கைப்பட்டையில வந்ததும் அதுதான்."

சஃபூரா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வந்தவள் இந்த முறை தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் தானே தேடித் திறந்து மறுபடி அமுக்கத் தொடங்கினாள். ஐம்பது முறையாவது அமுக்கியிருப்பாள். ஒவ்வொரு சிவப்புக்கும் அவளுடைய கட்டைவிரல் கொஞ்சம் நின்று, பிறகு நகர்ந்தது.

"விளையாட்டுல செத்தா முன்னாடி விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்ல, அதான் உங்களுக்கு வாழ்க்கையிலயும் பயம் விட்டுப்போச்சுன்னு விசாரணையில ஒருத்தர் கேட்டாரு" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "செத்தவன் எழுந்திரிக்க மாட்டான்னு எங்களுக்குத் தெரியாதா மேடம்? அது நல்லாவே தெரியும். எழுபத்தெட்டுன்னா என்னான்னுதான் தெரியல."

கயிற்றில் இறங்கியவன் பெயர் வேந்தன். அன்று காலையிலிருந்து மூன்று முறை போய், மூன்று முறையும் ஆளோடு திரும்பியவன். நான்காவது ஒரு கூரையில் ஒரு முதியவர். எழுபத்தெட்டு. அவன், அக்கா சாயங்காலம் பிரியாணி போடுறதா இருந்தா போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். சுழல் அவனைப் படகுக்கு அடியில் இழுத்துக்கொண்டது.

"அந்தப் பெரியவர்?"

"மறுநா காலையில தண்ணி வடிஞ்சுது. அவரே ஏணி வச்சு எறங்கி வந்தாரு."

தெருவில் மீன்காரர் மணியடித்துக்கொண்டு போனார். சஃபூரா அவர் போய் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லவா மேடம்? அன்னிக்கு அவன அனுப்பும்போது எனக்குப் பயமே இல்ல. கொஞ்சம்கூட. ஒரு ஆள ஆத்துக்குள்ள அனுப்பும்போது வயித்துல ஏதாச்சும் பண்ணணும்ல? ஒண்ணும் பண்ணல. நாலு மாசமா அதையே நெனைக்கிறேன். நான் கல்லாப் போயிட்டேனான்னு. எங்க உம்மாகிட்டகூடச் சொல்லல." அவள் திரையை நீட்டினாள். "யாரு போட்டது இந்தப் பொய்ய?"

"நான்."

திரை சஃபூராவின் கையில் நீட்டியபடியே நின்றது. தாரணி அதை வாங்கிக்கொள்ளவில்லை. எதற்கோ தயாராக உட்கார்ந்திருந்தாள், எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் சஃபூரா.

*

விசாரணை கடலூரில். அந்த அலுவலகத்தின் நடைகூடத்தில் ஒரு நீள பெஞ்சு. சிவமலை விடிவதற்கு முன்பே காரில் கிளம்பி வந்திருந்தார், சட்டை முதுகில் கசங்கியிருந்தது. அவர் மடியில் அந்தத் தாள் இருந்த கோப்பு. இன்னொரு முனையில் சஃபூரா, சீருடையில், தோளில் பதவிச் சின்னம் இல்லாமல். நடுவில் தாரணி.

"நான் எல்லார்கிட்டயும் பேசிட்டேன்" என்று சிவமலை தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்தச் சான்றிதழ் போனா, எதிர்பாராத நீரோட்டம்னு எழுதி முடிச்சுருவாங்க. இந்தப் புள்ள மேல தப்பில்ல. அடுத்த வாரமே வேலைக்குப் போயிரலாம். நீ அந்த ஆறு வரியை எடுத்துட்டு அமைதியா புதுப் பதிப்பு விட்டுரு. யாருக்கும் நட்டமில்ல."

ஆறு வரி என்று அவர் சொன்னார். எத்தனை வரி என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியுங்ண்ணா?"

சிவமலை கோப்பின் நாடாவை இழுத்துவிட்டார். "கார்த்திகையிலயே. இந்தப் புள்ள சொன்னதக் கேட்டதும் உள்ள போய்ப் பாத்தேன். பதிவுல உம் பேரு இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? நேரா வந்து இங்க நின்னிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? அதான் நாலு மாசமா இந்தக் கேள்வி உன் மேசைக்கு வராம தள்ளிட்டே வந்தேன். இனித் தள்ள முடியாதுன்னுதான் அந்தத் தாள அடிச்சேன். நீ படிக்காமப் போட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது. நிம்மதியா இருந்திருப்ப."

டீக்காக, சாத்திய கதவுக்காக, தாமதமாக வந்த அந்தச் சிரிப்புக்காக அவரை என்னென்னவோ சந்தேகப்பட்டிருந்தாள். இதை மட்டும் சந்தேகிக்கவில்லை. அவர் அவளுக்காக மறைவில் இன்னொரு முறை உருட்டியிருக்கிறார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், இருந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் போலவும் இருந்தது.

"போட்டுடுங்க அக்கா" என்றது சஃபூராவின் குரல்.

தாரணி திரும்பினாள். முதன்முறையாக அக்கா என்கிறாள்.

"ஆமா, என்கிட்டயும் பேசினாரு. நானே சரின்னுதான் சொன்னேன். எனக்கு வேற வேல தெரியாது. வேந்தனோட அம்மாகிட்ட தண்ணிதான் இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கேன். அவங்களும் ஆத்தத் திட்டிட்டு இருக்காங்க, திட்டட்டும். இப்பப் போய், ஆறு இல்லம்மா, ஒரு கம்ப்யூட்டர்ல ஆறு வரின்னு எப்படிச் சொல்றது?"

"உங்க குழுவுல மிச்ச நாலு பேரு இப்ப எங்க?"

"நாகப்பட்டினத்துல. புதுத் தலைவர் போட்டிருக்காங்க."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"நான் அவங்ககூடப் பேசக் கூடாதுன்னு உத்தரவு."

"புதுப் பதிப்பு வந்தா புதுசாப் பயிற்சிக்கு வர்றவங்களுக்கு நல்லது. ஏற்கெனவே கத்துக்கிட்டவங்களுக்கு? நீங்க அன்னிக்கு என் திரையைத் தூக்கிப் போட்டீங்களே. கள்ள ஆட்டம்னீங்க. நெசத்தைப் பாத்ததும்."

"நானே சொல்றேன் அவங்களுக்கு. எப்படியாச்சும்."

"வாயால சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?"

சஃபூரா சுவரைப் பார்த்தாள். அங்கே மாவட்ட வரைபடம் ஒன்று தொங்கியது, ஆறுகளின் நீலம் வெளுத்துப் போயிருந்தது. சித்திரைப் புயல் பருவத்துக்கு ஆறு வாரங்கள் இருந்தன.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் சிவமலை. அவர் குரலில் இப்போது கெஞ்சல் இல்லை, நிஜமான கேள்வி இருந்தது. "மூணு வருஷமா இந்தப் பசங்க துணிஞ்சு எறங்கி எத்தனை பேரத் தூக்கிட்டு வந்திருக்காங்க? எழுபதுக்கும் எழுபத்தஞ்சுக்கும் போய்த்தான தூக்குனாங்க? நெசம் தெரிஞ்சா எறங்குவாங்களா? உன் பொய்யால பொழச்சவங்க எத்தனைன்னு யோசிச்சியா நீ?"

தாரணி யோசித்திருந்தாள். சிதம்பரத்திலிருந்து ரயிலில் கோயம்புத்தூர் திரும்பும்வரை அதை மட்டும்தான் யோசித்தாள். அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. முதல் கடிதங்கள் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் அவளைச் சரியென்று நம்ப வைத்தது இப்படி ஒரு நல்ல காரணம்தான். அழாமல் இருக்கட்டும். துணிச்சலாக இருக்கட்டும். நிம்மதியாக இருக்கட்டும். யாருக்காக அதைச் செய்தாளோ அவர்களிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"எறங்கலாம், எறங்காம இருக்கலாம்ண்ணா. சஃபூராகிட்ட கேளுங்க" என்றாள். பிறகு தானே கேட்டாள். "நெசம் தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அனுப்பியிருப்பீங்களா?"

சஃபூராவின் கை, பட்டை இல்லாத தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது. "தெரியல அக்கா. அனுப்பியிருப்பேனோ என்னமோ. ஆனா அவன்கிட்டச் சொல்லிட்டு அனுப்பியிருப்பேன். கயித்த ரெண்டாக் கட்டியிருப்பேன். பயந்திருப்பேன்."

உள்ளே கதவு திறந்தது. ஓர் எழுத்தர் தலையை நீட்டி, கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "கோயம்புத்தூர் பார்ட்டி யாருங்க? சான்றிதழ் கொண்டு வந்தவங்க?"

சிவமலை கோப்பைத் திறந்து, தாளை மேலே வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "அம்மிணி" என்றார். "உள்ள போயிட்டா அப்புறம் உன்னை நான் காப்பாத்த முடியாது."

"தெரியுங்ண்ணா."

"உன் பேருதான் இருக்கு அதுல. என் பேரு இல்ல."

"அதான்" என்றாள் தாரணி.

எழுத்தர் பொறுமையிழந்து கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். சஃபூரா போட்டுடுங்க என்று மறுபடி சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி, வழியில் நீட்டியிருந்த தன் கால்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தாரணி எழுந்து, நீட்டிய பேனாவை இரண்டு கைகளாலும் மெதுவாக அவர் பக்கமே திருப்பினாள். பிறகு எழுத்தரைப் பார்த்தாள்.

"சான்றிதழ் இல்லீங்க" என்றாள். "நான் மட்டும் வர்றேன்."